மாப்பிள்ளையோடு ஒரே வண்டியில்

வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால் நான் சட்டை போட்டுக்கொள்வேன். ஸ்ரீரங்கத்துக் கோடை வெயிலில்கூட. அவர் லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். என் மகளோடு இங்கிலாந்தில் இருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது, "பிரயாணம் நல்லா இருந்துதா?", "சாப்பிட்டீங்களா மாமா?" என்பதற்கு மேல் போனதில்லை. கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் காலமெல்லாம் ஆட்களை அதட்டி வேலை வாங்கிய எனக்கு அந்த ஒருவரிடம் மட்டும் வாய் கட்டிப்போகும். அதைத்தான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

போன புரட்டாசியில் நானும் மனைவியும் அவர்களைப் பார்க்கப் போனோம். "ஒரு வாரம் கிராமத்துப் பக்கம் சுத்தப் போறோம், எல்லாம் அவரோட ஏற்பாடு" என்று மகள் சொன்னபோது, காரும் ஹோட்டலும் என்றுதான் நினைத்தேன். வாசலில் வந்து நின்றதோ ஒரு மோட்டார் ஹோம். உள்ளேயே அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, விரித்தால் கட்டிலாகும் சோபா, டிரைவர் சீட்டுக்கு மேலே பரண் மாதிரி இன்னொரு படுக்கை, மூலையில் ஒரு கழிவறை. எல்லாம் சேர்ந்து எங்கள் ஃபிளாட்டின் சமையலறை அளவு இருக்கும்.

மனைவி என் காதருகே வந்து, "இதுக்குள்ள எப்படிங்க மாப்பிள்ளையோட..." என்றாள்.

"சத்தம் போடாத. சமாளிப்போம்."

சமாளிக்க முடியவில்லை. டெவன் பகுதியில் ஒரு பண்ணையை ஒட்டிய கேம்ப் சைட்டில் தங்கினோம். முதல் நாள் காலையிலேயே, பல் விளக்க எழுந்த அவரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்த நானும் முட்டிக்கொண்டோம். "சாரி மாமா." "பரவாயில்லைங்க." இருவரும் ஒரே பக்கம் ஒதுங்கி, திரும்பவும் முட்டிக்கொண்டோம். பரணிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

"டேய், கொஞ்சம் தள்ளி நின்னு அப்பாவுக்கு வழி விடுடா."

காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த மனைவி வெடுக்கென்று திரும்பினாள். "கட்டின புருஷனை டேய்ங்கிறியா?"

"எப்பவும் அப்படித்தாம்மா. உங்க முன்னாடி மட்டும்தான் என்னங்க, ஏதுங்க எல்லாம்."

மாப்பிள்ளை பிரஷ்ஷை வாயில் வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே உருளை உருளையாகக் கிடந்த வைக்கோலை மும்முரமாகப் பார்த்தார். பால் பொங்கி வழிந்தது.

மறுநாள் கழிவறையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. கழிவு முழுவதும் வண்டியின் அடியில் ஒரு பெட்டியில் சேருமாம். அதை வெளியே எடுத்துக் கொட்டிக் கழுவி வர வேண்டுமாம். இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால், மாப்பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறார். ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஓடினேன்.

"விடுங்க மாப்பிள்ளை, நான் கொண்டு போறேன்!"

"நீங்க போங்க மாமா, குளிருது."

"எங்களோடதை நீங்க சுமக்கிறதாவது! உங்க வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

"எங்க வீட்லயா? காலேஜ் போற வரைக்கும் எங்க கொட்டாய்ல நான்தான் மாமா சாணி அள்ளுனேன்."

அவர் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, அதே மாதிரிப் பெட்டியோடு பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரர் நின்றுவிட்டார். என்ன தகராறு என்று கேட்டார். இவர் என் மாமனார், இந்த வேலையை நான் செய்யக் கூடாது என்கிறார் என்று மாப்பிள்ளை விளக்கினார். அந்த மனிதர் சிறிது யோசித்துவிட்டுத் தன் பெட்டியையும் என் பக்கம் நகர்த்தி, அவ்வளவு ஆசையென்றால் இதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மூவரும் சிரித்த சிரிப்பில் பண்ணை நாய் குரைத்தது. கடைசியில் மாப்பிள்ளை கொட்ட, நான் குழாயைப் பிடித்தேன்.

அன்று பிற்பகல் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய சாலையில் மாட்டிக்கொண்டோம். இரண்டு பக்கமும் வண்டியைவிட உயரமான புதர் வேலி. இலைகள் பழுக்க ஆரம்பித்திருந்தன. எதிரே வந்த டிராக்டர் நின்றது. நாங்கள்தான் பின்னால் போக வேண்டும். நான் இறங்கி, எங்கள் ஊர்ச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு கண்டக்டர் மாதிரி வண்டியின் பின்பக்கத்தைத் தட்டினேன்.

"வரலாம், வரலாம்... லெஃப்ட்ல ஒடிங்க... இன்னும் ஒடிங்க... வரலாம்... மெதுவா... மெதுவாங்க... டேய், நிறுத்துடா!"

வண்டி நின்றது. பின்னால் இருந்த கல் தூணுக்கு ஒரு சாண்தான் இடைவெளி. என் வாயிலிருந்து வந்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனைவி ஜன்னலில் தலையை நீட்டி என்னையே பார்த்தாள். மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று பயந்து முன்னால் ஓடினேன். சிரிப்பு.

"மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை, அவசரத்துல..."

"இருக்கட்டும் மாமா. அப்படிச் சொன்னதாலதான் நின்னேன்."

"நான் சொன்னா மட்டும் திட்டு விழுது" என்றாள் மகள்.

டிராக்டர் ஓட்டிவந்த பெண் கையசைத்துக் கடந்து போனாள்.

சாயங்காலம் வேலியோரம் பிளாக்பெர்ரிப் பழம் பறித்தோம், அவரும் நானும். மிளகாய்ப்பொடி போட்டு, நல்லெண்ணெய் விட்டுத் தொக்கு கிண்ட வேண்டும் என்று மனைவி கேட்டிருந்தாள். முள் கையைக் கிழித்தது. ஒரு கொத்தை என் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவர் சொன்னார்.

"மாமா, எனக்கு வேலை போயிடுச்சு. ரெண்டு மாசமாச்சு. எங்கப்பாவுக்குக்கூட இன்னும் சொல்லலை."

பழம் நிறைந்த கிண்ணம் என் கையில் கனத்தது. மகள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று நினைத்தேன். அவளும் சேர்ந்துதான் மறைத்திருக்கிறாள். ஏன், எப்படி என்று நூறு கேள்வி வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒன்றை மட்டும் கேட்டேன்.

"அதான் இந்தச் சுத்தலா?"

"ஆமா மாமா. வேலையில இருந்திருந்தா உங்களை ஏர்போர்ட்ல கூப்பிட்டு, ஏர்போர்ட்லயே விட்டிருப்பேன். இப்படிப் பேசியிருக்க மாட்டோம்."

"கிடைக்கும்ப்பா" என்றேன். "அந்த மேல் கொத்தை விட்டுட்டே பாரு."

அவர் எட்டிப் பறித்தார். தொக்கு புளிப்பும் காரமுமாக நன்றாகவே வந்தது. மிச்சமிருந்த நாட்கள் முழுக்கத் தயிர்சாதத்துக்கு அதுதான்.

மார்கழியில் ஒரு காலை, காய்கறிக் கடையில் வாழைப்பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. புது வேலை கிடைத்துவிட்டது. "ராத்திரி வந்த மெயிலை இப்பதான் பார்த்தேன் மாமா. அவகிட்டகூட இன்னும் சொல்லலை, அவ எழுந்திருக்கலை" என்றார். அங்கே விடியக்கூட இல்லை. நான் சத்தமாகச் சிரித்ததைப் பார்த்துக் கடைக்காரர், "என்ன சார், நல்ல சேதியா?" என்றார். சொன்னேன். அவர் ஒரு பிடி கொத்தமல்லியைச் சேர்த்துப் பையில் போட்டார்.