இரண்டு எஞ்சினும் ஓர் ஊற்றும்

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் மட்டும் தோற்றுவிட்டு வீட்டில் இருந்தேன். பாகூருக்கு மேற்கே எங்கள் ஊர். செப்டம்பரில் திரும்ப எழுதலாம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் என்னை யாருக்காவது கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று வில்லியனூரில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, மும்முரமாக இருந்தாள். எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. புத்தகத்தைத் திறந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டத் தோன்றும். மாட்டிடம் போனால் புத்தகம் ஞாபகம் வரும்.

என்னைக் கவிழ்த்தது வேலையும் நேரமும் பாடம். ஒருவன் ஒரு வேலையை ஆறு நாளில் முடிப்பான், இன்னொருவன் பன்னிரண்டு நாளில் முடிப்பான், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? பரீட்சையில் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி ஒன்பது நாள் என்று எழுதியிருந்தேன். தனியாகவே ஆறு நாளில் முடிக்கிறவனுக்குத் துணைக்கு ஆள் வந்தால் ஒன்பது நாள் ஆகுமா என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. தோற்ற பிறகுதான் வழி புரிந்தது. நாட்களைக் கூட்டக்கூடாது; ஒரு நாளில் யார் எவ்வளவு செய்கிறார்கள் என்பதைக் கூட்ட வேண்டும். ஆறில் ஒரு பங்கும் பன்னிரண்டில் ஒரு பங்கும் சேர்ந்தால் கால் பங்கு. ஆக, நான்கு நாள். இது புரிந்த நாளிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் வகுத்துக்கொண்டு அலைந்தேன்.

அந்த வைகாசியில் எங்கள் கிணற்றின் கரை ஒரு பக்கம் சரிந்து உள்ளே விழுந்தது. எஞ்சின் தண்ணீரோடு சேற்றையும் இழுத்தது. நெல் பால் பிடிக்கிற சமயம். கிணற்றை வற்ற அடித்துத் தூர் வாரினால்தான் பயிர் தப்பும். தூர் வாருகிற ஆட்கள் இரண்டு பேர் மடுகரையில் வேறொரு கிணற்றில் வேலையாக இருந்தார்கள். தண்ணீர் வற்றுகிற நேரத்தைச் சொன்னால் இடையில் வந்து முடித்துக் கொடுப்பதாகவும், வந்து காத்துக் கிடக்க முடியாது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் எஞ்சின் மட்டும் ஓடினால் கிணறு வற்ற ஆறு மணி நேரம் ஆகும். பாகூர் கடைத்தெருவில் எஞ்சின் வாடகைக்கு விடுகிற பாய் ஒருவர் இருந்தார். முந்தின மாதம் எங்களுடையது ரிப்பேருக்குப் போயிருந்தபோது அவருடைய சின்ன எஞ்சினைக் கொண்டுவந்து ஓட்டினோம். அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் பிடித்தது. இப்போது இரண்டையும் சேர்த்துப் போடலாம் என்று அப்பா முடிவு செய்தார்.

"எவ்ளோ நேரத்துல வத்தும்னு சொல்லு. ஆளுங்களுக்குச் சொல்லி அனுப்பணும்" என்று என்னிடம் கேட்டார்.

ஆறு, பன்னிரண்டு. என்னைத் தோற்கடித்த அதே எண்கள். யோசிக்கவே இல்லை.

"நாலு மணி நேரம்பா. ஏழு மணிக்குப் போட்டா பதினோரு மணிக்கு வத்திடும்."

"நல்லாத் தெரியுமாடி?"

"தெரியும்பா."

மறுநாள் காலை ஏழு மணிக்கு இரண்டு எஞ்சினும் ஓட ஆரம்பித்தன. நான் கிணற்றுக்கும் வரப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். பாதி நேரத்தில் பாதித் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு எட்டிப் பார்த்தபோது பாதிக்கும் கீழே போய்விட்டிருந்தது. கண் ஏமாற்றுகிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பத்து மணிக்குப் பாயின் எஞ்சின் காற்றை இழுத்து உறுமியது. கொஞ்ச நேரத்தில் எங்களுடையதும் உறுமியது.

"அண்ணே, வத்திப் போச்சு. நிறுத்துங்க, எஞ்சின் வீணாப் போயிடும்" என்று எஞ்சினோடு கூடவே வந்திருந்த பாய் ஓடிவந்தார்.

இரண்டையும் நிறுத்தினார்கள். ஆட்கள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அடியில் ஊற்று கசிந்து சேற்றின் மேல் பளபளக்கத் தொடங்கியது. அப்பா வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினார். நான் தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

"நீ ஏன் வர்றே?"

"மேல நிக்க முடியலப்பா."

அவர் வெட்டிப் போட்ட சேற்றை நான் கூடையில் அள்ளி வைக்க, பாய் மேலிருந்து கயிறு கட்டி இழுத்தார். தண்ணீர் கணுக்கால் தாண்டி ஏறும்போது எங்கள் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்துவார். என் கை சேற்றில் இருந்ததே தவிர, மனம் கணக்கிலேயே இருந்தது. நாலு எப்படி மூணாச்சு?

வில்லியனூர் அத்தை வந்து நின்றது அப்போதுதான். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்ல வந்தவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது கோலம்? வூட்டுல ஆம்பளையே இல்லியா?"

ஆட்கள் பதினோரு மணிக்குச் சரியாக வந்தார்கள். பாதி வேலை முடிந்திருந்ததால் மீதியைச் சீக்கிரமே வாரிக் கொடுத்துவிட்டு மடுகரைக்குத் திரும்பினார்கள். பயிர் பிழைத்தது. ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. பதில் தப்பென்றால் வழி தப்பா? வழி தப்பென்றால் செப்டம்பரிலும் தோற்றுப்போவேனே. சாப்பிடும்போதும் கோலம் போடும்போதும் கால் பங்கையே பிடித்துக்கொண்டு கிடந்தேன். தெரியாததை எக்ஸ் என்று வை என்று பள்ளியில் சொல்லுவார்கள். வைத்தேன். எஞ்சின்கள் இரண்டும் மணிக்குக் கால் பங்கு. நடந்ததோ மணிக்கு மூன்றில் ஒரு பங்கு. இரண்டுக்கும் வித்தியாசம் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தப் பங்கை இறைத்தது யார்?

சனிக்கிழமை மாலை அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தபோது கேட்டேன்: "தூர் வார்றதுக்கு முன்னாடி, வத்தின கெணறு ரொம்பறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு வத்தினா விடியக்காலம் ஆறு மணிக்கு ரொம்பிடும். ஏன்?"

பன்னிரண்டு மணி நேரம். மணிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஊற்று. எங்கள் எஞ்சினுக்கு ஆறு மணி நேரம் ஆனதே ஊற்றோடு போராடித்தான். பாயின் எஞ்சினும் அப்படியே. இரண்டும் சேர்ந்து ஓடும்போது ஊற்று ஒன்றுதானே? இரண்டு பங்கையும் கூட்டியபோது நான் அதை இரண்டு முறை கழித்துவிட்டேன்; ஒரு முறையைத் திருப்பிச் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு, மூன்று மணி நேரம். தரையில் கரித்துண்டால் எழுதி அப்பாவிடம் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் பார்த்தார்.

"வழி தப்பில்லையே?"

"வழி சரிதான்பா. ஊத்தை மறந்துட்டேன்."

மறுநாள் காலையிலேயே அத்தை வந்துவிட்டாள். திண்பண்டம், பூ எல்லாம் கொண்டுவந்திருந்தாள். அப்பா அவளை வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்:

"இப்ப வரவேணாம்னு அவங்களுக்குச் சொல்லிடு. அது பரீட்சை எழுதட்டும்."

"தோத்த பொண்ணு திரும்ப எழுதி இன்னா ஆவப்போவுது?"

"எழுதட்டும்னு சொன்னேன்."

அத்தை கோபித்துக்கொண்டு பூவைக் கொண்டுவந்தபடியே எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனாள். தீபாவளி வரை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

செப்டம்பரில் எழுதினேன். முழுத் தாளையும் படித்தேன். வேலையும் நேரமும் கணக்கு ஒன்றுகூட இல்லை. ஏமாற்றமாக இருந்தது. பாஸ் செய்துவிட்டேன் என்று தெரிந்த அன்றும் வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டுதான் இருந்தேன். அடுத்தது என்ன என்று யாரும் சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சிக்கு எங்கே விண்ணப்பம் தருவார்கள் என்று விசாரிக்க, நானே பாகூருக்குப் போய்ப் புதுச்சேரி பஸ் ஏறினேன்.