முப்பத்தைந்து நொடியில் திறந்த பெயர்ப்பட்டியல்

போர் மறுபடி மூண்டிருந்த ஒரு புரட்டாசியில் நான் திருகோணமலைக்குப் போனது, ஒரு இணையப் பக்கத்தை வேகமாக்க. சிரிக்காதீர்கள். நிவாரண அலுவலகம் ஒன்று வெளியிட்ட, இடம்பெயர்ந்தோர் பெயர்ப்பட்டியல் அது. தொலைபேசி இணைப்பில் திறக்க நான்கு நிமிடம் வேண்டும். இணைப்போ மூன்றாம் நிமிடத்தில் அறுந்துவிடும்.

கொழும்பில் காலை ஐந்தரைக்கு பஸ். 260 கிலோமீற்றர், ஏழு சோதனைச் சாவடி, பத்து மணித்தியாலம். இறங்கியபோது பிற்பகல் மூன்றரை, கடைகள் பெரும்பாலும் பூட்டு. துறைமுகப் பக்கம் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

வேலை சின்னது. 900 கிலோபைட் கோப்பைச் சுருக்கி, அந்தப் பிரதியைச் சேவையகத்தில் மூலத்தின் பக்கத்திலேயே வைத்தேன். திறப்பவர்களுக்குச் சுருக்கியதுதான் போகும். 140 கிலோபைட், முப்பத்தைந்து நொடி! மார்தட்டிக்கொண்டேன். அங்கே பட்டியலைத் தட்டச்சு செய்யும் கிண்ணியா ஊர்க்காரர் பாரூக் நானா (நானா என்றால் அண்ணன்) தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

மறுநாள் முதலில் வந்தவர் வெருகல் பக்கத்துத் தங்கமலர் அக்கா. ஓடி வந்த வழியில் கணவரைத் தவறவிட்டவர். பெயரைத் தேடி வாசித்துக் காட்டினேன்: கந்தளாய் முகாம். அக்கா அழவில்லை, கணவருக்கு உடுக்கச் சாரம் வாங்கப் போனார். கந்தளாய் நாற்பது கிலோமீற்றர்தான், ஆனால் பாதை மூடியிருந்தது. தினமும் வந்து அந்தப் பெயரை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவார். மூன்றாம் நாள் காலையும் வாசிக்கக் கேட்டார். பாதை திறந்துவிட்டது என்று கேட்டதும் பஸ்ஸுக்குப் போனார்.

அப்போதுதான் பாரூக் நானா மெல்லச் சொன்னார்.

"தம்பி, நான் ஒவ்வொரு நாளும் பேர் சேக்கிறன், வெட்டுறன். கீழ இருக்கிற எண்ணிக்கை மட்டும் 1842லேயே நிக்கிது. பாக்கப் பயமா இரிக்கி."

அவர் மாற்றியதெல்லாம் மூலக் கோப்பை. என் பிரதி அப்படியே கிடந்தது. வந்தவர் போனவர் ஒருவரும் அதில் அசையவில்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எனக்காகவே சொன்னது. பிரதியை அழித்துவிட்டு மூலத்தைத் திறந்தேன். மூன்று முறை அறுந்து, நான்காம் முறை வந்தது. அக்காவின் கணவர் பெயர் இல்லை. முகாமிலிருந்து வந்த தாளைத் தேடி எடுத்தோம்: விறகுக்குப் போனவர் திரும்பவில்லை என்று இருந்தது; அக்கா முதன்முதல் வந்த அன்றே நானா அதைப் பார்த்துப் பெயரை வெட்டியிருக்கிறார். அத்தனை பெயருக்குள் நானாவுக்கும் அது நினைவில்லை.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பஸ் இன்னும் புறப்படவில்லை. அக்கா யன்னலோரம், மடியில் புதுச் சாரம். நான் வாசித்தது பழைய பட்டியல், பிழை என்னுடையது என்று மூச்சு வாங்க விளங்கப்படுத்தினேன். அக்கா மடியிலிருந்த சாரத்தை நீவிவிட்டார்.

"இல்லைத் தம்பி. இண்டைக்குக் காலமையும் நீங்கள்தானே வாசிச்சனீங்கள், இருக்கிறார் எண்டு."

பஸ் புறப்பட்டுவிட்டது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், பாதை திறந்ததா என்று விடியவே விசாரியுங்கள். கோப்புகளைச் சுருக்குகிறவர்கள், மூலம் மாறும்போதெல்லாம் பிரதியும் தானாக மாற ஒரு வரி எழுதிவிடுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும். நான் அதை எழுதியது அக்கா போன பிறகு.