நின்ற படம்

தேன்மொழி இறந்துவிட்டாள் என்று அவள் கணவர் போனில் சொன்னபோது, அவள் முந்தின நாள் அனுப்பிய பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம். அடிப்பாவி, சாகிற வயதா அது!

எங்கள் ஃபேஷன் இதழின் இணையதளத்தை வடிவமைத்தவள் அவள். ஜமுனாமரத்தூரில் வீட்டிலிருந்தே வேலை. போளூர் அலுவலகத்துக்கு வேண்டியபோது பஸ் பிடித்து மலையிறங்கி வருவாள். எந்தப் பக்கத்தையும் முதலில் தன் மாமியாரின் பழைய போனில் திறந்து பார்ப்பாள். "இதுல தெரிஞ்சா எல்லாத்துலயும் தெரியும்க்கா" என்பாள்.

அப்போது எங்கள் தளத்தில் ஜாக்கெட் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக ஓடிக்கொண்டே இருக்கும். முதலாளிக்கு அதில் அவ்வளவு பெருமை. ஒருநாள் படவேட்டிலிருந்து ஒரு கல்யாணப்பெண்ணின் அம்மா ஜாக்கெட்டோடு அலுவலகத்துக்கே வந்து நின்றார். "நான் காட்டுனது இன்னா, தைச்சிருக்கறது இன்னா, பாருங்க!" எங்கள் தளத்தைத் திறந்து அவர் டெய்லரிடம் காட்டியது மூடின கழுத்து. "இந்தக் கழுத்துதானேம்மா?" என்று டெய்லர் போனில் விரல் வைத்திருக்கிறார். படம் நகர்ந்துவிட்டது. அடுத்து வந்ததைப் பார்த்து, முதுகெல்லாம் திறந்து கயிறு கட்டித் தைத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அலுவலகம் வந்திருந்த தேன்மொழி சிரிக்கவில்லை. அந்த அம்மாவோடு டெய்லர் கடைக்கே போய் உட்கார்ந்து, மாற்று ஜாக்கெட் வெட்டும்வரை இருந்துவிட்டு வந்தாள்.

"நம்ம பக்கத்தைப் பாக்கறது ஒருத்தர் இல்லக்கா, ரெண்டு பேரு. ஆசைப்படறவ ஒருத்தி, தைக்கிறவர் ஒருத்தர். அவர் விரல் வச்சா படம் நிக்கணும்."

அதன்பிறகு ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு பக்கம். மேலே முன்புறம், கீழே முதுகு. எதுவும் ஓடாது. "செவுத்துல ஒட்டுன போஸ்டர் மாதிரி இருக்கேம்மா" என்று முதலாளி சலித்துக்கொண்டார். "போஸ்டர்தான் சார். கையைக் காட்டிப் பேசறதுக்குத்தானே" என்றாள். அவருக்குக் கடைசிவரை மனம் ஒப்பவில்லை. அவள் மசியவுமில்லை.

ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் போனை என்னிடம் நீட்டுவாள். "அக்கா, நீங்கதான் டெய்லர். தொட்டுக் கேளுங்க." நான் விரலால் அழுத்துவேன். அவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள், படத்தையே பார்ப்பாள்.

காரியம் முடிந்த மறுநாள், தளத்தைப் பழையபடி ஓடவிடலாம் என்றார் முதலாளி. ஓடும் படங்களில் முதலாவதாக அவள் அஞ்சலிப் படமாம். எனக்குப் பொறுக்கவில்லை. "ஒருத்தர் கும்பிடறதுக்குள்ள அவ நகர்ந்து போய்டுவா சார்! அவ படமாவது நிக்கட்டும்" என்று கத்தினேன். அழுதும்விட்டேன். அவர் ஒரு தம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "எதுவுமே ஓட வேணாம்மா. அந்தப் பொண்ணு வச்ச மாதிரியே இருக்கட்டும்" என்றார்.

அவளை அறிந்தவர்களே, எனக்கு அவளிடமிருந்து மிச்சம் இந்தப் பழக்கம்தான். எந்தப் பக்கமானாலும் டெய்லராக ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் வெளியிடுவதில்லை. நேற்று அவள் படம் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். விரலை வைத்து அழுத்தினேன்.

தேன்மொழி நகரவில்லை.