ஓடை மேல் போட்ட ரோடு

போன வாரம் அரவேணுவில் பழனிசாமியின் வீட்டில் தங்கினேன். தங்கினேன் என்பதைவிட, நனைந்தேன் என்பதே சரி.

பழனிசாமி கோயம்புத்தூரில் என்னோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனதும் மலையில் ஒரு வீடு வேண்டும் என்று ஆசை. அந்தச் சமயம் பார்த்து பச்சைத் தேயிலை விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று ஒருவர் தோட்டத்தை விற்றார். வாங்கிய பில்டர் செடிகளைப் பிடுங்கிவிட்டு, சரிவில் வரிசையாக வீடுகள் எழுப்பினார். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடி. கீழே பள்ளத்தில் நின்று பார்த்தால்... நான்கு! இதற்கும் அனுமதி உண்டு.

முதல் மழையிலேயே சுவர் ஊறியது. கதவு உப்பிப்போய்ச் சாத்த முடியவில்லை. சரி, ஆசைப்பட்டு வாங்கியவர் படுகிறார். கீழே எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருக்கும் புஷ்பம் என்ன பாவம் செய்தார்? எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். இத்தனை வருஷமாக அவர் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்ததே இல்லை. இப்போது அடுப்படி முழுக்கச் சேறு. மேலே ஓடிய ஓடையை மூடி, பில்டர் காங்கிரீட் ரோடு போட்டுவிட்டார் - தண்ணீர் வேறு எங்கே போகும்?

பழனிசாமியும் புஷ்பமும் வீடு கட்ட அனுமதி கொடுத்த ஆபீஸுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். அலுவலர் பிளானை விரித்துப் பார்த்தார்.

"இதுல ஓடையே இல்லீங்களே" என்றார்.

"அப்ப என் ஊட்டுக்குள்ள ஓடறது என்னங்க?" என்றார் புஷ்பம்.

மனு கொடுத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை வலுத்தது. பழனிசாமி கடப்பாரையோடு இறங்கினார். அவர் வீட்டுக்குக் கார் வர இருந்த ஒரே ரோடு அது... அதைத்தான் உடைத்தார்! லைன் ஆட்கள் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். நானும் கல் சுமந்தேன். சாயங்காலத்துக்குள் ஓடை பழைய தடத்தில் இறங்கிப் போனது. புஷ்பம் அடுப்பைப் பற்றவைத்து எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை அதே ஆபீஸிலிருந்து ஜீப் வந்தது. ஓடையைப் பார்க்கவா? இல்லை. அனுமதியில்லாமல் ரோட்டைச் சேதப்படுத்தியதாக நோட்டீஸ் கொடுக்க!

எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. பழனிசாமி நிதானமாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். கோபமே வரவில்லையா என்று கேட்டேன்.

"இந்த ஊட்டைக் கட்டறப்ப இவங்க ஒருக்கா இப்படி வந்து பார்த்திருந்தா, நான் இத வாங்கியே இருக்க மாட்டேனுங்க."