நாலரை அங்குலம்

பெரும் பயணம் கிளம்பியவர்கள் திசைகாட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள், தொலைநோக்கி எடுத்துப் போயிருக்கிறார்கள். அங்குலம் எடுத்துப் போனது ஒரு இஞ்ச் டேப்.

அங்குலம் என்பது ஒரு தையல்காரரின் பட்டப்பெயர். யாரைக் கண்டாலும் முகத்துக்கு முன்னால் தோள்பட்டையைப் பார்ப்பவர் அவர். "சௌக்கியமா?" என்று கேட்பதற்குள் "இடுப்புல ஒரு அங்குலம் ஏறியிருக்கே" என்று சொல்லிவிடுவார். அந்தத் தெருவில் பாதிப் பேர் அவர் கடையை மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் கடப்பார்கள்.

அவர் கைகழுவிவிட்டுத் தொட்ட நூல் ஒன்றே ஒன்று: அளவு நோட்டு. வளரும் பிள்ளைகளின் அளவு அதில் பென்சிலில் இருக்கும், வளர்ந்து முடித்தவர்களின் அளவு பேனாவில். டேப்பை உடம்பில் வைத்துப் பார்க்காத எண் எதுவும் முப்பது வருடத்தில் அதில் ஏறியதில்லை. ஒருமுறை வங்கி மேலாளர் போனில் தன் இடுப்பளவைச் சொன்னார். "நேர்ல வாங்க சார், போன்ல எல்லாரும் ஒல்லிதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடைக்கு எதிரே சலவைக்கடை. அதை நடத்திய பெண்ணைத் தெருவே அக்கா என்றது. அக்காவுக்கு ஒரே மகன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், இருபத்து மூன்று வயதில், ஒரு மாபெரும் தேசத்துக்கு மரம் அறுக்கும் வேலைக்குப் போனவன். அவனுடைய பக்கம் நோட்டில் பேனாவில் இருந்தது: மார்பு முப்பத்தாறு, தோள் பதினேழு. முதலில் மாதாமாதம் கடிதம் வந்தது. பிறகு வருடத்துக்கு ஒன்று. கடைசி இரண்டு வருடம் ஒன்றுமில்லை. அக்கா அனுப்பிய இரண்டு பொட்டலங்களும் போய்ச் சேர்ந்தனவா என்பது தபால்காரருக்கும் தெரியவில்லை, அவருக்கு மேலே இருப்பவருக்கும் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் அங்குலத்தின் மகளுக்கு அதே தேசத்தில் குழந்தை பிறக்கவிருந்தது. மனைவி காலமாகி ஆறு வருடம் ஆகிவிட்டதால், பிரசவத்துக்குத் துணையாக ஒரு மாதம் தங்கிவர அங்குலமே கிளம்ப வேண்டியதாயிற்று. பிரசவத்தில் தையல்காரரால் என்ன செய்ய முடியும் என்று தெரு விவாதித்தது. விடை கிடைக்கவில்லை.

அக்கா நீலக் கோடு போட்ட துணியோடு வந்தாள்.

"உன் பொண்ணு இருக்கறதும் அவன் இருக்கறதும் ஒரே நாடுதானே தம்பி?"

"ஒரே நாடுதான்க்கா."

"அப்ப ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துரு. பழைய அளவுலயே ஒரு சட்டை தைச்சுக்க. கையில குடு. முகத்தைப் பார்த்துட்டு வா, போதும்."

அங்குலம் எதையும் அளக்காமல் வாக்குக் கொடுப்பவர் அல்ல. மகள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த அட்லஸைத் தேடியெடுத்து, அவள் ஊருக்கும் அவன் ஊருக்கும் நடுவே டேப்பை வைத்தார்.

"நாலரை அங்குலம்க்கா. ஒரு காலர்ல மூணுல ஒரு பங்கு கூட வராது."

சந்தேகம் தீர, சொந்த நாட்டின் பக்கத்தையும் திருப்பி அளந்தார். நாலரை அங்குலம் என்றால் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற பக்கத்து நகரம். காலை பஸ்ஸில் போனால் சாயங்காலம் வந்து கடை திறக்கலாம். பக்கத்தின் அடியில் அளவுகோல் என்று பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. கையிலேயே டேப் இருப்பவருக்கு அது எதற்கு?

"கண்டிப்பா குடுத்துடறேன்க்கா" என்றார்.

அந்த தேசத்தில் பெண் சுகமாகப் பெற்றாள், தாத்தா சுகமாகக் குளிரில் நடுங்கினார். ஊர் திரும்பும் விமானத்துக்கு எட்டு நாள் இருந்தபோது, "ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்மா" என்று சட்டையை எடுத்தார்.

"எந்த ஊருக்குப்பா?"

சொன்னார். மகள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினாள்.

"ரயில்ல ஏழு நாள்ப்பா. குளிர்காலத்துல அங்க விமானமும் இறங்காது."

மகள் சின்ன வயதிலிருந்தே எதையும் ஊதிச் சொல்பவள். எலியைப் பார்த்துவிட்டுப் பெருச்சாளி என்பாள். நாலரை அங்குலத்துக்கு ஏழு நாளா? அதிலும் பெருச்சாளிக் கணக்கைக் கழித்து இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு ரயிலேறினார்.

அந்த ரயிலைப் பற்றி அவர் பிறகு தெருவுக்குச் சொன்னவை ஏராளம். தூங்கப் போகும்போது ஜன்னலில் ஒரு காடு இருந்தது. எழுந்தபோதும் அதே காடு. ரயில் நின்றுவிட்டதோ என்று சக்கரத்தை எட்டிப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது, காடுதான் நகரவில்லை. கைக்கடிகாரம் ஒன்று சொன்னது, நிலையக் கடிகாரம் வேறு சொன்னது, சூரியன் இரண்டையும் மதிக்கவில்லை. ஒரே நாளில் மூன்று முறை காலைச் சாப்பாடு சாப்பிட்டார். மூன்று முறையும் ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும்.

எதிர் இருக்கையில் நாற்பத்தெட்டு அங்குல மார்பளவில் ஓர் அம்மாள் இருந்தாள். அவள் பாஷை இவருக்குத் தெரியாது, இவர் பாஷை அவளுக்குத் தெரியாது. அதனால் இருவரும் தடையின்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். அவளுடைய கோட்டில் தொங்கிய பொத்தானைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பொறுத்தார். மறுநாள் கோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கித் தைத்துக் கொடுத்தார். அவள் தேநீர் கொடுத்தாள். இவர் நீலக் கோடு போட்ட சட்டையைக் காட்டினார். அவள் அதைத் தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, இவரைப் பார்த்து, கையைக் குழந்தை ஏந்துவது போல ஆட்டினாள். உன் பிள்ளையா என்று கேட்கிறாள். இல்லை என்று தலையாட்டி, புடவைத் தலைப்பை இழுத்து மூடுவது போலச் செய்து காட்டினார். ஒரு தாய் கொடுத்தது. அவளுக்குப் புரிந்தது.

இவையெல்லாம் தெருவுக்குச் சொன்னவை. இனி வருவதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மதியம், டிக்கெட் பார்ப்பவரிடம் அட்லஸிலிருந்து கிழித்து வந்த பக்கத்தை நீட்டினார். ரயில் இப்போது இருக்கும் இடத்தை அவர் விரலால் தொட்டார். அங்குலம் மகள் ஊரிலிருந்து அதுவரை டேப்பை வைத்தார். இரண்டு அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. மறுபடி வைத்தார். டேப் முப்பது வருடமாகப் பொய் சொன்னதில்லை. மகளும் சொல்லவில்லை.

விமானத்துக்கு ஐந்து நாள். திரும்பிப் போக மூன்று நாள். அடுத்த நிலையத்தில் பெட்டியோடு இறங்கினார். ரயிலிலிருந்து அந்த அம்மாள் தலையை நீட்டி ஏதோ கத்தினாள். அவர் கையிலிருந்த பொட்டலத்தைக் காட்டினாள், ரயில் போகும் திசையைக் காட்டினாள். இங்கே இல்லை, அங்கே, இன்னும் அங்கே! ரயில் நகர்ந்த பிறகும் அவள் கை முன்பக்கமே நீண்டிருந்தது. வழி தப்பி இறங்கிவிட்டார் என்று நினைத்திருப்பாள். அப்படி இல்லை என்று சொல்ல இரண்டு பாஷையிலும் அவரிடம் வார்த்தை இல்லை.

ஊர் திரும்பியதும் கடை இரண்டு நாள் அரங்கமாகியது. காட்டுக் கதைக்குச் சிரித்தார்கள், மூன்று காலைச் சாப்பாட்டுக்குச் சிரித்தார்கள். அக்காவும் எதிர்க்கடையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி சிரித்தாள். கேள்வி மட்டும் கேட்கவில்லை. ஆள் பார்க்கக் கேட்கிற கேள்வி அல்ல அது.

மூன்றாம் நாள் மதியம் கடை காலியானதும் வந்தாள். கையில் துணிப்பை.

"பார்த்தியா தம்பி?"

அங்குலம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்த நூலை உருவிவிட்டு மறுபடி கோத்தார்.

"பார்த்தேன்க்கா. நல்லா இருக்கான். வேலை ஜாஸ்தி, அதான் எழுத முடியலையாம்."

"சட்டை போட்டுப் பார்த்தானா?"

"உடனே போட்டான். கச்சிதமா இருந்துச்சு. நூல் பிடிச்ச மாதிரி."

அக்காவின் முகம் மலர்ந்து, பாதியில் நின்றது.

"கச்சிதமாவா? ஒன்பது வருஷத்துக்கு முந்தின அளவாச்சே. அப்ப ஒரு சுத்துகூட சதை போடலையா? சாப்பிடறானா இல்லையா தம்பி? உடம்புக்கு ஏதாவதா? என்கிட்ட மறைக்காதே."

தன் தொழிலின் சாட்சியமே தனக்கெதிராக எழுந்ததில் அங்குலம் ஆடிப்போனார்.

"இல்லக்கா, இல்ல... கொஞ்சம் பிடிச்சுது. மார்புல ஒரு ரெண்டு அங்குலம் பிரிச்சு விட்டுக் குடுத்தேன். நல்லாத்தான் இருக்கான்."

"ஆ, அப்படிச் சொல்லு!" அக்கா பெருமூச்சு விட்டு, பையிலிருந்து புதுத் துணியை எடுத்து மேசையில் வைத்தாள். "இப்ப முப்பத்தெட்டா? நோட்டுல மாத்தி எழுதிக்க. இந்தச் சட்டையாவது பிடிக்காம இருக்கட்டும். யாராவது அந்தப் பக்கம் போறப்ப குடுத்து விடலாம்."

அங்குலம் நோட்டைத் திறந்தார். பக்கத்தைக் கண்டுபிடித்தார். மார்பு முப்பத்தாறு என்று பேனாவில் இருந்தது. பேனாவை எடுத்தார். வாய் எத்தனை அங்குலம் வேண்டுமானாலும் பிரித்துவிடும். கை எழுத மறுத்தது. பேனா முனை காகிதத்தைத் தொடாமலே காற்றில் நின்றது.

"எழுதேன்."

"அளக்கலைக்கா."

"என்னது?"

"நான் அவனை அளக்கவே இல்லை. போய்ச் சேரலை. பாதி வழிகூட இல்லை, அதுக்குள்ள திரும்பிட்டேன்." மேசைக்கு அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து வைத்தார். நீலக் கோடு கசங்கியிருந்தது.

அக்கா சட்டையைப் பார்த்தாள். எதிர்க்கடையில் யாரோ "அக்கா!" என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

"எத்தனை நாள் போனே?"

"மூணு நாள்."

"இன்னும் எத்தனை?"

"நாலு."

"அவ்வளவு தூரமா இருக்கான்?" என்றாள். கோபமில்லை. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு யாரோ தூரத்தை அளந்து சொல்லியிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏன்டா, இரண்டு நாளா அந்தக் காட்டுக் கதையைச் சொல்லிச் சிரிக்க வெச்சியே!"

"மன்னிச்சுடுங்கக்கா."

சட்டையை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டவள், நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

"முப்பத்தெட்டுன்னே எழுது."

"டேப் வைக்காம எப்படிக்கா..."

"பென்சில்ல எழுது தம்பி. வந்து நின்னான்னா அழிச்சுக்கலாம்."

அங்குலம் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். முப்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு வளர்ந்த மனிதனின் அளவைப் பென்சிலில் எழுதினார், அழுத்தாமல். நிமிர்ந்து பார்த்தபோது அக்கா தெருவைக் கடந்திருந்தாள். கூப்பிட்டவரை நிற்க வைத்துவிட்டு, நீலச் சட்டையை மேசையில் விரித்து, காலரிலிருந்து இஸ்திரி போடத் தொடங்கியிருந்தாள்.