ஒரே முகவரியில் மூன்று பேர்

வழக்கில் ஒரு தரப்பாக நிற்பவரே அதற்குத் தீர்ப்பும் எழுதலாமா? அரசறிவியல் படித்த காலத்தில் இதற்குத் தேர்வில் பக்கம் பக்கமாக விடை எழுதியிருக்கிறேன். ஆனால் அது எனக்கு உண்மையான கேள்வியானது பாரிசின் லாச்சப்பலில் ஒரு தேநீர்க்கடையில், வடைப்பெட்டிக்கு மேலே வைஃபை கடவுச்சொல் எழுதி ஒட்டியிருந்த மஞ்சள் அட்டையின் கீழே அமர்ந்திருந்தபோதுதான்.

எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்ற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றின் தமிழ்ப் பகுதியில், அந்தக் கடைக்கு வரும் நாங்கள் சிலர் தொண்டர்களாக எழுதிவந்தோம். அதன் நிருவாகிகளில் ஒருவர் ஞாயிறுதோறும் புறநகரான ஆர்ஜொந்தெயிலிருந்து கடைக்கு வருவார். தொழிலில் கணக்காளர், ஓய்வு நேரமெல்லாம் கலைக்களஞ்சியத்துக்குள் நுழையும் விளம்பரங்களையும் அவதூறுகளையும் களைந்துகொண்டிருப்பார். கடையில் எல்லோருக்கும் அவர் நிருவாகி அண்ணை. சம்பளமில்லாத வேலையை அத்தனை பொறுப்போடு செய்த இன்னொருவரை நான் கண்டதில்லை. கலைக்களஞ்சியத்தில் அவர் மட்டும் சொந்தப் பெயரில் எழுதுவார், மற்ற எங்களுக்குப் புனைபெயர்கள்தான். யார் எந்தப் பெயரில் எழுதுகிறார் என்று நேரில் கேட்பதில்லை என்பது எங்களுக்குள் ஒரு மரியாதையாகவே இருந்தது.

ஈழப்போரின் இடப்பெயர்வுக் காலத்தில் வன்னியில் மரநிழல்களில் நடந்த ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி, புதியவர் ஒருவர் கட்டுரை தொடங்கினார். அச்சில் வந்த சான்று இல்லையென்று அதை நீக்க முன்மொழிந்தவர் அண்ணை. சான்று கேட்டதில் தவறில்லை. அந்த விதி இல்லாவிட்டால் வதந்தியும் வரலாறாகிவிடும். தேடுவதற்கு அவகாசம் கொடுக்கலாம் என்று நான் உரையாடல் பக்கத்தில் எழுதினேன். புதியவரும் அதையே கேட்டார். வாதம் தடித்தது. அடுத்த ஞாயிறு பார்த்தால் எங்கள் இரு கணக்குகளும் தடைசெய்யப்பட்டிருந்தன. மறுத்துப் பேச ஆளில்லாவிட்டால் கட்டுரை தானாகவே போய்விடும். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இணையத்தில் அதைத் தவிர வேறு தடயம் இல்லை.

நான் வாய் திறக்குமுன் அண்ணையே தேநீரை ஆற்றியபடி அதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

"ரெண்டு பேரில வந்தாலும் ஆள் ஒண்டுதான். எந்த இணைப்பில இருந்து எழுதியிருக்கு எண்டு இணைய முகவரியைப் பாத்தன், ரெண்டுக்கும் ஒண்டு. பிடிச்சுப்போட்டன்."

அதில் ஒன்று நான்தான் என்றேன். அவர் நம்பாமல் சிரித்தார். அப்போது அடுத்த மேசையிலிருந்து, செவ்ரான் புறநகரில் தமிழ் வகுப்பு எடுத்துவிட்டு வந்திருந்த ரீச்சர் நிமிர்ந்தார். வன்னியிலிருந்து வந்து அதிக காலமாகாதவர். வணக்கம் சொல்வதற்கு மேல் எங்களோடு பேசியதில்லை.

"மற்றது நான் அண்ணை. அந்தப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சனான்."

அண்ணை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரீச்சர் எங்கள் தலைக்கு மேலிருந்த மஞ்சள் அட்டையைக் காட்டினார்.

"இஞ்சை இருந்து எழுதுற எல்லாருக்கும் முகவரி ஒண்டுதானே. ஞாயிற்றுக்கிழமையில நீங்களும் இதிலதானே எழுதுறனீங்கள்? அப்ப நீங்களும் நாங்கள்தான்."

கல்லாவிலிருந்த கடைக்காரர், அப்படியென்றால் மூன்று பேருக்கும் ஒரு பிளேன்ரீயே போதும் என்றார். அண்ணை சிரிக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, தான் அங்கிருந்து செய்த திருத்தங்களின் முகவரியைத் தேடிப் பார்த்தார். பிறகு தடைகளை நீக்கினார். இனி விவாதத்தை மறுபடி தொடங்குவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"இதில நான் தீர்ப்புச் சொல்ல ஏலாது," என்றார். "நான் வாதாடின ஆள். வேற நாட்டில இருக்கிற நிருவாகி ஒருத்தர் பாக்கட்டும்."

நடந்த அனைத்தையும் உரையாடல் பக்கத்தில் தன் பெயரிலேயே எழுதி, இனி இப்படி நடக்காதிருக்க ஒரு விதியையும் முன்மொழிந்தார். அவர் நேர்மையானவர் என்பதில் எனக்கு ஒருபோதும் ஐயமிருந்ததில்லை. என்னை உறுத்தியது அதுதான். இவ்வளவு நேர்மையான ஒருவரிடமே அதிகாரம் இப்படித் தடுமாறுமென்றால், ஆட்களின் நல்ல குணத்தை மட்டும் நம்பி ஒரு பொதுச்சொத்தை நடத்த முடியாது. அந்தக் கடையில் நாங்கள் மூவரும் நேருக்கு நேர் அமர்ந்திராவிட்டால், ரீச்சர் ஒரு போலிக் கணக்காகவே மறைந்திருப்பார்.

மஞ்சள் அட்டை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கடவுச்சொல்லை மட்டும் கடைக்காரர் வெட்டி மாற்றியிருக்கிறார். ரீச்சரின் கட்டுரையை வேறு நாட்டு நிருவாகி நீக்கவில்லை, பொதுப் பார்வையிலும் விடவில்லை. சான்றுக்காக வரைவாகக் காத்திருக்கிறது. பழைய மாணவர்களை அவர் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருக்கிறார். அண்ணை அன்று முன்வைத்த விதி சில மாத வாக்குவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்டது. ஒரு வாதத்தில் பங்கெடுத்த நிருவாகி இப்போது அந்த வாதத்தில் எவரையும் தடைசெய்வதில்லை.