மெஷினுக்கு வைத்த பொட்டு

முகத்தைப் பார்த்து வரவு பதியும் மெஷின் வந்த அன்று காலை, தொழிற்சாலை வாசலில் நாங்கள் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போல வரிசையில் நின்றோம். படம் பிடிப்பார்கள் என்று முதல்நாளே சொல்லியிருந்தார்கள். சல்லிக் கிராமத்திலிருந்து வந்த பெண்கள் பவுடர் பூசி, தலையில் பூ வைத்திருந்தார்கள். கிண்ணியாவிலிருந்து போன நான் பெருநாளுக்கு எடுத்த நீல ஸ்காஃபைக் கட்டியிருந்தேன். எங்கள் தையல் லைனை நடத்திய அக்கா, நெற்றியில் பெரிய சிவப்பு ஒட்டுப்பொட்டோடு எல்லோருக்கும் முன்னால் நின்றார். லீடர் அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். இப்போது அவரும் ஊரில் இல்லை, அவருடைய மாமியாரும் உயிரோடு இல்லை. இனி இதை எழுதினால் யாருக்கும் கெடுதல் வராது.

மனேஜர் ஒரு கதிரையில் ஏறி நின்று பேசினார். “இண்டைக்குப் பதிஞ்ச மாதிரியே ஒவ்வொரு நாளும் வரவேணும். மாறி வந்தால் மெஷின் எடுக்காது.” அவ்வளவுதான் சொன்னார். நாங்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டோம். பூ வைத்துப் பதிந்த பிள்ளை தினமும் பூ தேடி அலைந்தாள். எங்கள் பெண்கள் பதிந்த நிறத்திலேயே இன்னும் இரண்டு ஸ்காஃப் வாங்கி வைத்தார்கள். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மெஷின் எடுக்காவிட்டால் அந்த நாள் வராத நாள். வராத நாள் ஒன்று விழுந்தால் ஒழுங்காக வந்ததற்கு மாதம் தரும் வரவுக் கொடுப்பனவு முழுதும் போய்விடும். அதோடு விடுவார்களா? சாப்பாட்டு அறையில் தொங்கிய டிவியில் ஒருத்தி வராவிட்டாலும் எங்கள் லைன் முழுதும் சிவப்பாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, காய்ச்சலில் கிடந்தவளுக்கு நாங்களே போனில் கோல் எடுத்து ஏசினோம். ஆட்கள் வராமல் நிற்பது குறைந்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. முன்பு அக்கா பேனையால் வரவு போட்ட காலத்தில், ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல், வருத்தம் என்றால் அவளுடைய தையல் மெஷினில் அக்காவே இருந்து தைப்பார். புதிய முறையில் அதற்கு இடமிருக்கவில்லை.

அக்காவின் கணவர் மீன்பிடிக்காரர். ஒருநாள் வள்ளத்தைக் கரைக்கு இழுத்துவிட்டு, நெஞ்சு நோகுது என்று மணலில் இருந்தவர் பிறகு எழும்பவில்லை. தொழிற்சாலை கொடுத்த லீவு செத்தவீட்டுக்கே போதவில்லை. எங்கள் முஸ்லிம் பக்கத்தில் புருஷன் மௌத்தானால் பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பாள், வெளியே போகமாட்டாள். அக்காவோ முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும் முன்பே வாசலில் வந்து நின்றார். இரண்டு பிள்ளைகளையும் வயதான மாமியையும் வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வார்? நெற்றி வெறுமையாக இருந்தது. தலையைக் குனிந்தபடி மெஷினுக்கு முன்னால் நின்றார். அது சிவப்பு வெளிச்சம் காட்டியது. திரும்ப நின்றார், திரும்பவும் சிவப்பு.

“பொட்டில்லாம வந்தா அதுக்கு எப்பிடியக்கா தெரியும்?” என்றார் வாசல் காவலர். அவர் கெட்ட மனுஷன் இல்லை, எங்களைப் போலவே நம்பியவர். பின்னால் நின்றவர்கள், “கெதியா, கெதியா, நேரம் போகுது” என்று சத்தம் போட்டார்கள். யாரோ ஒருத்தி தன் நெற்றியிலிருந்த பொட்டைக் கழற்றி அக்காவின் நெற்றியில் ஒட்டி, நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்திவிட்டாள். பச்சை வெளிச்சம் வந்தது. முகத்தை நிமிர்த்தியதால்தான் வந்தது என்று நினைக்க அந்த இடத்தில் ஒருவருக்கும் மூளை இருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு பொட்டை அடையாள அட்டையின் பின்புறத்தில் ஒட்டி வைத்திருந்தார். வாசலுக்கு வந்ததும் எடுத்து வைப்பார், பச்சை வந்ததும் கழற்றிவிடுவார். அந்த மெஷினின் திரையில் நம்முடைய முகம் கண்ணாடியில் போலத் தெரியும். தினமும் காலையில் அக்கா பொட்டோடு தன்னைப் பார்க்கவேண்டியிருந்தது. பசை போன பிறகு, விரலால் பொட்டின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

சல்லி ஊர் சும்மா இருக்குமா? “புருஷன் போன சூடு ஆறேல்ல, பொட்டு வைச்சுக்கொண்டு வேலைக்குப் போறாள்” என்று கதை கிளம்பியது. மாமிதான் கிணற்றடியிலும் கோயிலடியிலும் நின்று சண்டை பிடித்தார். “அது மெஷினுக்கு வைக்கிறதடி! என்ர மகனுக்கு அவள் ஒரு குறையும் வைக்கேல்ல” என்று கத்துவாராம். மகனைப் பறிகொடுத்த கிழவி மருமகளுக்காக வாய் கிழியக் கத்தியதால்தான் ஊர் அடங்கியது.

ஒருநாள் நல்ல மழை. என் நீல ஸ்காஃப் தொப்பலாக நனைந்துவிட்டது. பஸ்ஸில் கூட வந்த ஊர்க்காரி ஒருத்தி பையில் வைத்திருந்த மஞ்சள் ஸ்காஃபைக் கட்டிக்கொண்டு, போனால் போகட்டும் என்று மெஷின் முன்னால் நின்றேன். உடனே பச்சை! மழைக்கு ஓடிய அவசரத்தில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. நேரே மனேஜரிடம் போய்க் கேட்டேன். “நான் மாஸ்க் போட்டு முகத்தை மூடுறதைத்தானே பிள்ளை சொன்னனான். நீங்கள் வேற மாதிரி விளங்கிக்கொண்டால் நான் என்ன செய்யிற?” என்று சிரித்தார். “அக்கா பொட்டு வைக்கிறதைப் பார்த்தும் சும்மா இருந்தீங்களே, சேர்?” என்றேன். “எல்லாரும் ஒழுங்கா வாறீங்கள்தானே, விடும்” என்றார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தேத்தண்ணி நேரத்தில் அக்காவைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் செத்துப்போனது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஆரிட்டையும் சொல்லிப்போடாத, தங்கச்சி. மெஷினுக்குத்தான் வைக்கிறன் எண்டு மாமி ஊர் முழுக்கச் சத்தியம் பண்ணி வைச்சிருக்கிறா. இப்ப தேவையில்லையெண்டு தெரிஞ்சா, இவ்வளவு நாளும் ஆசையிலதான் வைச்சனான் எண்டெல்லோ சொல்லுவினம். மாமிக்கும் அந்தச் சந்தேகம் வந்தா, நான் அந்த வீட்டில இருக்க ஏலாது.”

மறுநாளும் பொட்டை வைத்து, விரலால் அழுத்திக்கொண்டு நின்றார். அடுத்த நாளும் அப்படித்தான். நான் நனைந்த ஸ்காஃபைக் காயவைத்து அதையே கட்டினேன். வேறு நிறத்தில் யாராவது என்னைக் கண்டு, பச்சை வந்ததையும் கண்டுவிட்டால் அக்காவின் பாடு என்ன? அங்கே வேலை செய்த காலம் முழுதும் வேறு நிறம் கட்டவில்லை.

“உனக்குக் கடையில வேற கலரே கிடைக்காதாடி?” என்று என் உம்மா சலித்துக்கொள்வார்.

“கிடைக்கும் உம்மா. மெஷின் எடுக்காது” என்பேன்.